கடைமடையில் நெல் சாகுபடி தொடங்குகிறவர்களுக்கு: வடிகாலில் தொடங்கும் வழிகாட்டி

வெளிநாட்டிலோ நகரத்திலோ பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, பூர்வீக நிலத்தை மீட்டோ புதிதாக வாங்கியோ காவிரிப் படுகையில் நெல் வைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "தண்ணீர் கிடைக்குமா?" என்பதுதான். காவிரிச் செய்திகளைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அந்தக் கவலை இயல்பானது. ஆனால் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கடைமடையில், அதாவது வாய்க்கால்கள் முடியும் கடலோரப் பக்கத்தில், புதியவர்களின் முதல் சம்பாப் பயிர் கெட்டுப்போனதை நான் பார்த்த வரையில், தண்ணீர் வராமல் கெட்டதைவிட வந்த தண்ணீர் போக வழியில்லாமல் கெட்டதே அதிகம். ஆகவே இந்த வழிகாட்டி விதையையும் உரத்தையும் பின்னுக்குத் தள்ளி, நீரின் போக்கையும் அது கொண்டுவரும் வண்டலையும் முன்னால் வைத்துப் பேசுகிறது. தலைமடையில், அதாவது ஆறு பிரியும் இடத்துக்கு அருகில், நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பகுதி மட்டுமே பயன்படும். கடலை நோக்கிப் போகப் போக எல்லாமே பயன்படும்.

ஊரில் நிலத்தை ஏக்கரில் சொல்ல மாட்டார்கள் என்பதையும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட், ஒரு வேலி என்பது ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். ஆட்கூலி முதல் உழவு வாடகை வரை பல பேச்சுகள் மா கணக்கிலேயே நடக்கும்.

முதல் படி: தண்ணீர் வரும் வழியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

உங்கள் வயலின் மடையில் தொடங்கி மேல்நோக்கிப் போய், கல்லணை வரை ஒவ்வொரு பிரிவையும் ஒரு தாளில் எழுதுங்கள். பள்ளிக்கூடப் பாடம் போலத் தோன்றினாலும், எந்த மதகு மூடப்பட்டால் உங்கள் வயல் காயும், எந்தக் கரை உடைந்தால் உங்கள் வயல் மூழ்கும் என்பதைச் சொல்லும் ஒரே வரைபடம் இதுதான்.

மேட்டூர் அணை 1934-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். இது மரபேயன்றி உறுதிமொழி ஆகாது. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. எனவே நாற்றங்கால் விடும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல், அணையின் நீர்மட்டத்தையும் கர்நாடக அணைகளின் இருப்பையும் பார்த்து முடிவு செய்யுங்கள். திறந்த தண்ணீர் கல்லணையை அடைய மூன்று நான்கு நாட்கள் ஆகும். அங்கிருந்து கடைமடைக்கு வந்து சேர, வாய்க்காலின் நிலைமையைப் பொறுத்து, மேலும் பல நாட்கள் ஆகும்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. கொள்ளிடம் காவிரியைவிடத் தாழ்வான, சரிவு மிகுந்த பாதை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பில் மணல் மேடிட, தண்ணீர் தாழ்வான கொள்ளிடத்தை நோக்கி மேலும் மேலும் ஓடிவிட்டதால் தஞ்சைப் பகுதியின் பாசனமே ஆட்டம் கண்டது. அதைச் சரிசெய்யத்தான் ஆர்தர் காட்டன் 1836–38 காலத்தில் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். அதே மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஓர் ஆற்றுப்படுகையில் மணல் எங்கே தங்குகிறது என்பதுதான் தண்ணீர் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. முக்கொம்பில் நடந்த இதே கதை உங்கள் வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சிறு கண்ணி வாய்க்காலிலும் சிறிய அளவில் ஆண்டுதோறும் நடக்கிறது.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் ஆகியவை பிரிய, மிகைநீர் கொள்ளிடத்துக்குப் போகிறது. வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறும், நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. காவிரிப் பக்கத்தில் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன், மண்ணியாறு எனக் கிளைகள் விரிகின்றன. அவற்றுக்குக் கீழே ஏ, பி, சி, டி என்று வகை பிரித்த வாய்க்கால்கள் வரும். ஏ, பி வாய்க்கால்களைப் பொதுப்பணியாகத் தூர்வாருவார்கள். கடைசியில் உள்ள சி, டி வாய்க்கால்கள்தான் பெரும்பாலும் கவனிப்பாரற்றுப் போகும். நீங்கள் தண்ணீர் எடுக்கப்போவது பெரும்பாலும் அந்தக் கடைசி வாய்க்காலிலிருந்துதான்.

இரண்டாம் படி: தண்ணீர் போகும் வழியை நடந்து பாருங்கள்

நிலம் வாங்கும் எண்ணத்தோடு சித்திரை மாதத்தில் ஊருக்கு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதற்றமாக இருக்கும். காய்ந்து வெடித்த வயலில் எந்தக் குறையும் தெரியாது. ஒருவர் நிலம் பார்க்க வந்தபோது, அந்த ஊரின் மூத்த விவசாயி ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "தம்பி, இப்ப பாத்து முடிவு பண்ணாதீங்க. கார்த்திகையில ஒரு நாள் மழை விட்டதும் வாங்க. வரப்பு தெரியுதான்னு பாருங்க. தெரியலன்னா, எத்தன நாள் தெரியாம இருக்குன்னு பக்கத்து வயக்காரர்கிட்ட கேளுங்க." நிலம் வாங்குவதற்கு இதைவிடச் சிறந்த ஆலோசனை எனக்குத் தெரியாது.

அந்த மழைக்காலத்தில் போக முடியாவிட்டாலும் தடயங்கள் இருக்கும். பம்புசெட் கொட்டகையின் சுவரில் பழுப்பு நிறக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வரப்பு ஓரத்து மரங்களின் அடியில் செத்தையும் நெகிழியும் எந்த மட்டத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். வயலில் கோரை அடர்ந்திருந்தால் தண்ணீர் அங்கே நெடுநாள் நிற்கிறது என்று பொருள்.

பிறகு, வயலின் மிகத் தாழ்ந்த மூலையிலிருந்து வடிகாலைப் பிடித்துக்கொண்டு நடங்கள். குறைந்தது ஒரு பெரிய வடிகாலிலோ ஆற்றிலோ அது விழும் இடம் வரையாவது நடக்க வேண்டும். வழியில் மூன்றைக் கவனியுங்கள். ஒன்று, குழாய்ப் பாலங்கள்: சாலைக்கோ மனைக்கோ வழி வேண்டி, அகலமான வடிகாலின் குறுக்கே ஒற்றைச் சிமெண்டுக் குழாயைப் பதித்து மண் மூடியிருப்பார்கள், அந்தக் குழாயின் வாய் அளவுதான் மேலே உள்ள அத்தனை வயல்களின் வடிகால் அளவு. இரண்டு, ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும்: மேலே பசுமையாக மூடியிருக்கும் வடிகாலில் ஒரு கழியை விட்டுப் பார்த்தால், முழங்கால் அளவு சேற்றுக்கு மேல் ஒரு சாண் தண்ணீர்தான் நகர்ந்துகொண்டிருக்கும். மூன்று, வடிகாலின் அடிமட்டம் உங்கள் வயலின் மட்டத்தைவிட உண்மையிலேயே தாழ்ந்திருக்கிறதா என்பது. கண்ணால் பார்த்து இதை முடிவு செய்ய வேண்டாம். கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு ஆள் பிடித்தால் அரை நாளில் தெரிந்துவிடும்.

கடைமடையின் தனித்தன்மை ஒன்று புதியவர்களை அடிக்கடி ஏமாற்றுகிறது. தலைமடையில் பாசன வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. கீழே வரவர, ஒரே ஆறு பாசனத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் வாய்க்காலாகவும், மேலே உள்ள வயல்களிலிருந்து வடியும் நீரைச் சுமக்கும் வடிகாலாகவும் வேலை செய்கிறது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு எல்லாம் இந்த இரட்டை வேலையைத்தான் செய்கின்றன. மழைக்காலத்தில் ஆறு நிரம்பி ஓடும்போது அதன் மட்டம் உங்கள் வடிகாலின் மட்டத்தைவிட உயர்ந்துவிடும். அப்போது வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் இறங்காது, சில நேரம் பின்னோக்கியே ஏறும். ஆற்றின் கடைசியில் உப்புநீர் உள்ளே வராமல் தடுக்கக் கதவணைகள் இருக்கின்றன. வேதாரண்யம் கால்வாய் கடற்கரைக்கு இணையாக ஓடி இந்த நீரைச் சேர்த்துக்கொள்கிறது. முகத்துவாரத்தில் அலைகள் கொண்டுவந்து குவிக்கும் மணல் திட்டு வாயை அடைத்துவிட்டால், அதன் விளைவு பல கிலோமீட்டர் உள்ளே இருக்கும் வயலிலும் தெரியும். கடலில் ஓதம் (அலைஏற்றம்) ஏறும் நேரத்தில் வடிவதும் நின்றுவிடும். ஆகையால், உங்கள் வடிகால் விழும் ஆற்றின் கடைசிக் கதவணை எது, அதை இயக்குபவர் யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பதை மழைக்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு சிறு கணக்கையும் மனத்தில் வையுங்கள். ஒரு ஏக்கரில் 1 செ.மீ. மழை பெய்தால் அது சுமார் 40,000 லிட்டர். ஒரே நாளில் 10 செ.மீ. பெய்தால் 4 லட்சம் லிட்டர். விநாடிக்கு 10 லிட்டர் இறைக்கும் பம்பு அதை வெளியேற்றப் பதினொரு மணி நேரம் ஓட வேண்டும். அதுவும் பக்கத்து வயல் தண்ணீர் உள்ளே வராமல் இருந்தால். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. பெய்தது. அத்தகைய மழையில் தனி ஒருவரின் பம்பு எதையும் செய்துவிடாது. ஊர் கூடி வடிகாலைத் திறந்து வைத்திருப்பது ஒன்றே காப்பாற்றும். எனவே ஆடி மாதத்திலேயே அக்கம்பக்கத்து வயல்காரர்களோடு உட்கார்ந்து, வடிகாலை வெட்டும் செலவில் உங்கள் பங்கைக் கொடுத்துவிடுங்கள். புதிதாக வந்தவர் கேட்காமலேயே கொடுக்கும் அந்தப் பங்கு ஊரில் நெடுநாள் நினைவில் இருக்கும்.

மூன்றாம் படி: வண்டலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

இந்தப் படுகை முழுவதும் ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். ஓடும் நீரின் வேகம் குறையும்போது முதலில் கனமான மணல் விழுகிறது, பிறகு பொடி வண்டல், கடைசியில் களி. அதனால்தான் தலைமடையில் மணல் கலந்த மண்ணும், திருவாரூர், நாகைப் பக்கம் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் கனத்த களிமண்ணும் இருக்கின்றன.

உங்கள் மண்ணை அறிய ஆய்வகத்துக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒன்று செய்யுங்கள். வயலின் மடைவாயில், நடுவில், வடிகால் மூலையில் என மூன்று இடங்களில் ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து, மூன்று கண்ணாடிப் புட்டிகளில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் அமரும். ஓரிரண்டு மணி நேரத்தில் அதன் மேல் வண்டல் படியும். களி மறுநாளும் நீரைக் கலங்கலாகவே வைத்திருக்கும். மூன்று புட்டிகளையும் அருகருகே வைத்தால், ஒரே வயலுக்குள்ளேயே மண் எப்படி மாறுகிறது என்பது தெரியும். மடைவாய் மண்ணில் மணலும் வண்டலும் கூடுதலாக இருப்பது வழக்கம். ஆண்டுதோறும் வரும் தண்ணீர் முதலில் நின்று சுமையை இறக்கும் இடம் அது. ஆகவே அந்த மூலை கொஞ்சம் கொஞ்சமாக மேடேறியிருக்கும்.

அணைகள் வருவதற்கு முன் புதுவெள்ளம் செந்நிறமாக வந்து வயல் தோறும் மெல்லிய படலமாக வண்டலை விட்டுப்போனது. நிலத்துக்கு அதுவே உரமாக இருந்தது. இன்று அந்த மண்ணின் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களின் அடியில் தங்கிவிடுகிறது. கடலோரத்துக்கும் இது இழப்புதான்: புது வண்டல் வராத படுகை, தன் எடையில் மெல்லத் தாழ்வதையும் கடல் அரிப்பதையும் ஈடுகட்ட முடியாது. வந்து சேரும் கொஞ்சமும் வயலை எட்டாமல் வாய்க்காலிலேயே படிந்து, நமக்குத் தூர்வாரும் செலவாக மாறுகிறது. உரமாக வந்தது இடையூறாக மாறிய இந்த நிலையை ஓரளவாவது திருப்பலாம்.

வாய்க்காலிலும் குளத்திலும் வாரும் வண்டலைக் கரையிலேயே கொட்டி வைத்தால், அடுத்த மழையில் அது மீண்டும் உள்ளே சரிந்துவிடும். அதை வயலுக்குக் கொண்டுவாருங்கள். குளம், ஏரிகளிலிருந்து விவசாயத்துக்கு வண்டல் எடுக்க வட்டாட்சியர் அளவில் அனுமதி வாங்கும் நடைமுறை இருக்கிறது. கொண்டுவந்த மண்ணைக் கோடையில் மெல்லிய அடுக்காகப் பரப்பி உழுங்கள்; ஒரே இடத்தில் தடிமனாகக் கொட்டினால் வயலின் மட்டம் கெட்டு, நீர் ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் அறவே இல்லாமலும் நிற்கும். கடலுக்கு அருகில் உள்ள வாய்க்கால்களின் வண்டலில் உப்பு இருக்கக்கூடும். பரப்புவதற்கு முன் ஒரு கைப்பிடியை மண் ஆய்வுக்கு அனுப்பி, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்தும் திறனைப் பாருங்கள்.

தூர்வாருவதிலும் ஒரு எச்சரிக்கை தேவை. ஆழமாக வெட்டினால் தண்ணீர் நிறைய வரும் என்று நினைத்து, மதகின் அடிமட்டத்துக்குக் கீழே வாய்க்காலைத் தோண்டிவிடுகிறார்கள். அப்போது தண்ணீர் பள்ளத்தில் நிற்கும், மடை ஏறாது; கண்ணெதிரே தண்ணீர் ஓடியும் டீசல் போட்டு இறைக்க வேண்டிவரும். வெட்டும் இயந்திரம் வரும் நாளில் நீங்கள் கூடவே நின்று, மதகின் அடிக்கல்லை மட்டமாக வைத்து வெட்டச் சொல்லுங்கள்.

நிலத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தால் அது உவர். ஈரத்தில் வழுக்கி, காய்ந்தால் இறுகி, நீர் இறங்காமல் நிற்கும் நிலம் களர். உவர் நிலத்தை நல்ல தண்ணீர் கட்டி வடித்துக் கழுவலாம். களர் நிலத்துக்கு மண் ஆய்வின்படி ஜிப்சம் இட்டு வடித்தாக வேண்டும். இரண்டுக்குமே வடிகால்தான் முதல் தேவை.

நான்காம் படி: பட்டத்தையும் (பயிர்ப் பருவத்தையும்) ரகத்தையும் மழையை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

குறுவை ஜூனில் தொடங்கி அக்டோபர் மழைக்கு முன் அறுவடையாக வேண்டும். சம்பா ஆகஸ்டில் தொடங்கி ஜனவரியில் முடியும். குறுவை அறுத்த வயலில் மீண்டும் நடுவது தாளடி. "ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை" என்று ஊரில் சொல்வார்கள்; அந்த இரண்டு மாதங்களிலும் பயிர் எந்த வளர்ச்சியில் இருக்கும் என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் விதைப்பு நாளைக் குறிக்க வேண்டும். பயிர் நன்றாகத் தூர் கட்டி, அதாவது பக்கத் தண்டுகள் விட்டு, உயரமாக நிற்கும்போது மழை வந்தால் தாங்கும். நட்டுப் பத்து நாளிலோ பூக்கும் தருணத்திலோ வந்தால் தாங்காது.

முதல் ஆண்டில் குறுவையும் தாளடியும் சேர்த்து எடுக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஒற்றைச் சம்பாவோடு தொடங்குங்கள் என்பது என் உறுதியான கருத்து. குறுவை அறுவடை ஒரு வாரம் தள்ளிப்போனால் நெல் ஈரத்தோடு கொள்முதல் நிலையத்தில் முளைக்கும். தாளடி நடவு தள்ளிப்போனால் இளம்பயிர் வெள்ளத்தில் மாட்டும். அந்த நெருக்கடியைச் சமாளிக்க ஆள், இயந்திரம், ஊர்ப் பழக்கம் மூன்றும் வேண்டும். முதல் ஆண்டில் மூன்றும் உங்களிடம் இருக்காது.

சம்பாவுக்குப் பொன்மணி என்று ஊரில் சொல்லும் சி.ஆர். 1009 ரகம், 155 முதல் 160 நாட்கள் வயதுடையது, கடைமடையில் நெடுங்காலமாக நம்பப்படுவது. அதிலேயே நீரில் மூழ்குவதைத் தாங்கும் மரபணுவைச் சேர்த்த சி.ஆர். 1009 சப் 1 கிடைக்கிறது. சாதாரண நெல் மூழ்கியதும் மூச்சுக்காகத் தண்டை வேகமாக நீட்டி, சேமித்து வைத்த உணவையெல்லாம் செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்து செத்துவிடும். சப் 1 மரபணு உள்ள பயிர் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருந்து, ஏறத்தாழ இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் துளிர்க்கும். இந்த மரபணு ஒடிசாவின் நாட்டு நெல்லிலிருந்து வந்தது. பயிர் தூர் கட்டும் பருவத்தில் முழுவதும் மூழ்கினால்தான் இதன் பலன். அரையளவு தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கும் பள்ளத்துக்கோ, பூக்கும் தருணத்தில் வரும் வெள்ளத்துக்கோ இது மருந்தாகாது.

அத்தகைய பள்ள வயல் இருந்தால் உயரமாக வளரும் நாட்டு ரகங்களைப் பாருங்கள். மடுமுழுங்கி என்ற பெயரே அதன் குணத்தைச் சொல்கிறது. உவர் நிலத்துக்குக் குழியடிச்சானையும் களர்பாளையையும் முன்னோர் கண்டுவைத்திருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் முன்னின்று நடத்திய நெல் திருவிழாக்களின் வழியாக இத்தகைய பல விதைகள் விவசாயிகளிடம் மீண்டும் பரவின. விளைச்சல் புது ரகங்களைவிடக் குறையும், சாயும் இயல்பும் உண்டு. முழு நிலத்திலும் வைக்காமல், பள்ளமான ஒன்றிரண்டு மாவில் வைத்துப் பாருங்கள். ரகத்தில் ஐயம் இருந்தால், 1922 முதல் இயங்கிவரும் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திடம் கேளுங்கள்.

ஐந்தாம் படி: வயலைச் சமப்படுத்தி நடுங்கள்

கோடை உழவுக்குப் பின் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுதால், ஆறு கொண்டுவராத வண்டலுக்கு ஓரளவு ஈடாகும். முடிந்தால் லேசர் கருவி பொருத்திய டிராக்டரால் ஒரு முறை சமப்படுத்துங்கள். வரப்பைச் சேறு பூசி மொழுகும்போது நண்டு வளையையும் எலி வளையையும் விடாமல் அடையுங்கள். வெள்ளத்தில் பல வரப்புகள் உடையத் தொடங்குவது கட்டைவிரல் அளவு நண்டு வளையில்தான்.

நீண்ட கால ரகத்துக்கு 35 முதல் 40 நாள் நாற்று ஏற்றது. கடைமடையில் அந்த வயதும் உயரமும் வெள்ளத்துக்கு எதிரான காப்பு. நெல்லுக்கு நண்டோட, அதாவது நண்டு ஓடும் அளவு இடைவெளி விட்டு, நட வேண்டும் என்பது மூத்தோர் சொல். அதோடு எட்டடிக்கு ஓரடி அகல வழி விட்டு நட்டால் காற்றோட்டம் கிடைத்து, சாறுறிஞ்சும் புகையான் பூச்சி குறையும், மழைக்காலத்தில் உள்ளே இறங்கிப் பார்க்கவும் வழி இருக்கும். ஆள் கிடைக்காத இடங்களில் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் நேரடியாக விதைத்து, மழையில் முளைக்க விடுகிறார்கள். களையைச் சமாளிக்கத் தெரியாதவர் முதல் ஆண்டில் அதைத் தவிர்ப்பது நல்லது.

மழை தொடங்கும் வரை வயலில் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்ற அவசியமில்லை. துளையிட்ட ஒரு குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு மறுபடி பாய்ச்சலாம். ஊரில் இதைக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். வேர் ஆழமாகப் போகும், தண்ணீர் மிச்சமாகும், வயலிலிருந்து மீத்தேன் வெளியேறுவதும் குறையும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது.

ஆறாம் படி: வெள்ளத்தின்போதும் அதன் பிறகும்

கனமழை எச்சரிக்கை வந்ததும் யூரியா இடுவதை நிறுத்துங்கள். வயலில் நிற்கும் தண்ணீரை முன்கூட்டியே வடித்து, மழைக்கு இடம் விடுங்கள். வயலில் ஒரு மூங்கில் கழியை நட்டு, அரை அடிக்கு ஒரு கோடாக வண்ணம் பூசி வையுங்கள். இரவில் கரையிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தாலே தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். உங்கள் தண்ணீரை அவசரத்தில் பக்கத்து வயலுக்குள் வெட்டிவிடாதீர்கள். ஊரில் பல ஆண்டுப் பகைகள் ஒரு மண்வெட்டி வெட்டில் தொடங்கியவை.

தண்ணீர் வடிந்தவுடன் பயிர் செத்துவிட்டது என்று அவசரமாக உழுதுவிட வேண்டாம். ஒரு குத்தைப் பிடுங்கி, தண்டின் அடிப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. கூழாகப் பிதுங்கினால் இல்லை. வேர் கறுத்து நாற்றம் வீசினாலும், நடுவில் ஒன்றிரண்டு வெள்ளை வேர் கண்டால் ஒரு வாரம் பொறுங்கள். இலைகள் மேல் சேறு படலமாகக் காய்ந்திருந்தால் வெயில் உள்ளே போகாது. நல்ல தண்ணீரைத் தெளித்துக் கழுவுங்கள். வயலை ஒரேயடியாகக் காயவிடாமல் இரண்டு விரல் தண்ணீர் நிறுத்துங்கள்.

புதுத் துளிர் தெரிந்ததும், ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு ஆகியவற்றை ஓர் இரவு கலந்து வைத்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷும் சேர்த்து இடலாம். வேரால் சத்தை எடுக்க முடியாத நிலையில், 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கலந்து இலைவழி தெளிக்கலாம். அடுத்த இரண்டு வாரங்களில் இலைச் சுருட்டுப் புழுவையும் இலைக்கருகலையும் தினமும் தேடுங்கள். வெள்ளத்துக்குப் பின் பச்சை மிகுந்து நிற்கும் பயிரை அவை விரும்பி வரும்.

காகித வேலையைப் பற்றிச் சுருக்கமாக: பயிர்க் காப்பீட்டை மழைக்கு முன்பே செய்யுங்கள். சம்பாவுக்கு விவசாயியின் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு, கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15 என அறிவிப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று) வாங்க வரிசை நீளும் என்பதால் அக்டோபரிலேயே போய்விடுங்கள். இழப்பீடு வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சலை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்கள் வயல் மட்டும் மூழ்கினால் பணம் வராமல் போகலாம். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

ஏழாம் படி: அறுவடைக்கு முன்பே அடுத்த ஆண்டைத் தொடங்குங்கள்

தை மாதத்தில் கதிர் முற்றி நிற்கும்போதே, அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாளுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கையில் நெற்பயிருக்குள்ளேயே ஏ.டி.டி. 3 உளுந்தை விதைப்பது இப்பகுதியின் மரபு. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டையாக நிற்க வேண்டும். ஒட்டினால் விதை அழுகும். களிமண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்திலும் பனியிலுமே அது விளைந்துவிடும், வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தை விட்டுப்போகும். அறுவடை இயந்திரத்தின் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்கும் என்பதால், ஈரம் மிகுந்த வயலில், சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டியை வரவழையுங்கள்.

உளுந்து எடுத்த பிறகு, சித்திரையில், வெள்ளத்தின்போது மூங்கில் கழியில் தண்ணீர் தொட்ட உச்சத்தைப் பம்புசெட் சுவரில் ஆண்டோடு எழுதி வையுங்கள். அதே வாரத்தில் ரசமட்டக் குழாயை எடுத்துக்கொண்டு வடிகால் மூலைக்குப் போய், கடந்த ஆண்டு அளந்த அடிமட்டம் எவ்வளவு மேடிட்டிருக்கிறது என்று மீண்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மேட்டூர் திறப்பதற்குள் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதை அந்த அளவு சொல்லிவிடும்.